நீதிமன்ற வாசலில் – 12: நிலக்கரி அள்ளவும் சான்றிதழ்!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பவர் நிறுவனத்துக்கு டான் ரிவர் என்ற அனல்மின் நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்த்த 95 பேரில் 14 பேர் கறுப்பர்கள். பெருக்கித் துடைக்கும் 'லேபர்' பிரிவைத் தவிர வேறெங்கும் அவர்களுக்கு இடமில்லை. மற்ற நான்கு பிரிவுகளும் வெள்ளையருக்கு. லேபர் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம்கூட, அந்த நான்கு பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தை எட்டவில்லை.

வேலையில் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் பழைய விதியைக் கைவிட்டது. ஆனால், லேபரிலிருந்து மேலே போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்றது. நிலக்கரி கையாளும் பிரிவுக்குப் போகவும் அதே நிபந்தனைதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு, அன்றிலிருந்து கூடுதலாக இரண்டு தகுதித் தேர்வுகள்.

விதி எல்லோருக்கும் பொதுவானதுதானே? இல்லை. 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம். கறுப்பு ஆண்கள் 12 சதவீதம். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய தனிப்பள்ளிகளில் மட்டமான கல்வியைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தக் கல்விக்குச் சான்று கேட்டார்கள். அதே வேளையில், சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளையர்கள் குறையின்றி வேலை பார்த்து, பதவி உயர்வும் பெற்றுவந்தார்கள்.

வில்லி கிரிக்ஸும் 12 சக தொழிலாளர்களும் வழக்குப் போட்டார்கள். நிறுவனத்துக்குக் கெட்ட நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நினைத்தது. அங்கேதான் உச்ச நீதிமன்றம் மாறுபட்டது. 1971 மார்ச் 8 அன்று, தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பில் எட்டு நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள்: நோக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, விளைவையும் பார்க்க வேண்டும். நரிக்கும் கொக்குக்கும் ஒரே பாத்திரத்தில் பால் வைப்பது சமவாய்ப்பு ஆகாது என்று நாம் அறிந்த கதையையே பர்கரும் எடுத்துக்காட்டினார். ஒரு நிபந்தனை கறுப்பர்களை அதிக அளவில் வெளியே தள்ளுமானால், அந்த வேலைக்கு அது உண்மையிலேயே தேவை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு.

தேர்வே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வேலைக்குத் தொடர்புள்ள தேர்வை வைக்கலாம் என்றது. 1989-இல் வேறொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் இந்தப் பொறுப்பைத் தொழிலாளியின் பக்கம் தள்ளியது. 1991-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அதை மீண்டும் முதலாளியின் தோளில் ஏற்றியது.

எழுதிவைத்த விதி கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒருவரை மட்டும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும்போது, காரணம் முதலாளியின் மனதில் அல்லவா இருக்கும்? அதை நீதிமன்றம் எப்படி வெளியே கொண்டுவரும்? செயின்ட் லூயிஸ் நகரின் விமானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்த 1973-ஆம் ஆண்டு வழக்கில் அதற்குப் பதில் இருக்கிறது. அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)