கேடயச் சுரப்பியும் உடலின் கனலும்

உண்ட உணவு உடலாவதும், உடலிலுள்ள பொருள் சிதைந்து ஆற்றலாவதும் நம் உயிரணுக்களில் ஓயாது நிகழும் செயல்களாகும். இவ்விரண்டையும் சேர்த்தே வளர்சிதை மாற்றம் என்கிறோம். உறக்கத்திலும் இது நிற்பதில்லை. இதயம் துடிக்கவும், உடல் வெம்மை நிலைக்கவும் ஆற்றல் வேண்டுமல்லவா? அடுப்புத் தீ தணிந்தால் சோறு வேகாது, மிகுந்தால் அடிபிடிக்கும். உடலின் தீயை அளவோடு வைத்திருப்பவை எவை?

நாளமில்லாச் சுரப்பிகளே அவை. உமிழ்நீர்ச் சுரப்பியைப்போல் தனிக் குழாய் வழியே அன்றி, இவை தம் சுரப்புகளை நேரே குருதியில் கலக்கின்றன. அச்சுரப்புகளுக்கு 1905ஆம் ஆண்டில் 'ஹார்மோன்' எனப் பெயர் வழங்கியவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். கணையத்தின் இன்சுலின் குருதிச் சர்க்கரையை உயிரணுக்களுள் சேர்க்கத் துணைபுரிகிறது. அட்ரினலின் இடர்வேளையில் ஆற்றலைத் திரட்டித் தருகிறது. ஆயினும், அன்றாடக் கனலின் அளவை வகுப்பதில் முதன்மையானது கேடயச் சுரப்பி எனப்படும் தைராய்டு ஆகும்.

முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் விரிந்த சிறகுபோல் அமைந்த இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு இதுவே சான்று. இது சுரக்கும் தைராக்சின், உயிரணுக்கள் உயிர்வளியைக் கொண்டு ஆற்றல் ஆக்கும் வேகத்தை உயர்த்துகிறது. தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபதாண்டு வாழ்வுக்கும் சேர்த்து 4 கிராம்கூடத் தேவையில்லை. அச்சிற்றளவும் கிட்டாதபோது முன்கழுத்துக் கழலை தோன்றுகிறது. உப்பில் அயோடின் சேர்ப்பது இதனாலேயே.

மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, குருதியில் தைராக்சின் குறைந்தால் கேடயச் சுரப்பியைத் தூண்டும். மிகுந்தால் தூண்டலைக் குறைக்கும். இச்சமன்நிலை பிறழும்போது நோய் தொடங்குகிறது. சுரப்பு மிகுந்தால் நன்கு உண்டும் உடல் இளைக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, தோல் வறட்சி, உடல் பருத்தல் ஆகியவை மெல்ல மெல்லத் தோன்றும். சோம்பேறி என்று ஏச்சுக் கேட்பவர் உண்மையில் நோயாளியாக இருக்கக்கூடும். எளிய குருதிச் சோதனை அதனைக் காட்டிவிடும்.

இந்நோய் தீர்க்க இயலாததன்று. 1891ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் முர்ரே என்னும் மருத்துவர், ஆட்டின் கேடயச் சுரப்பிச் சாற்றினால் ஒரு பெண்மணியைத் தேற்றினார். அம்மாது அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அதே பணியை நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு சிறு மாத்திரை செய்கிறது.

ஆனால், காலம் தாழ்த்தலாகாத இடம் ஒன்றுண்டு. குழந்தையின் மூளை வளர்வதற்கும் தைராக்சின் இன்றியமையாதது. இச்சுரப்பி இயங்காமலே பிறக்கும் குழந்தை, தாயிடமிருந்து பெற்ற சுரப்பின் காப்பினால் முதல் நாள்களில் பெரும்பாலும் குறையற்றதாகவே தோன்றும். குறை வெளிப்படும்வரை காத்திருந்தால், இழந்த அறிவுவளர்ச்சி முழுமையாக மீளாது. பிறந்த சில நாள்களில் குதிகாலில் எடுக்கும் சில துளிக் குருதி உண்மையை உரைத்துவிடும். இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால், அக்குழந்தை ஏனைய குழந்தைகளைப்போல் வளரும். இச்சோதனையைக் கேட்டுச் செய்வித்தல் பெற்றோர்தம் கடனாகும்.