முத்துச்சிப்பியின் ஒட்டும் அணுக்கள்

1973 ஜூலையில், தூத்துக்குடி அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமியும் உடன் உழைத்தவர்களும் வளர்ப்புச் சிப்பியிலிருந்து உருண்டை முத்து எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-லேயே நின்றுபோயிருந்தது.

சிப்பி ஓட்டில் கடைந்த ஒரு மணி, இன்னொரு சிப்பியின் மேன்டில் என்ற, ஓட்டைச் சுரக்கும் திசுவிலிருந்து நறுக்கிய சிறு துண்டு: இரண்டையும் உயிருள்ள சிப்பியின் இனப்பெருக்க உறுப்பைக் கீறி உள்ளே வைக்கிறார்கள். துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பை கட்டும்; அந்தப் பைதான் படலம் படலமாக முத்தைச் சுரக்கிறது. ஆனால் கீறிய காயம் முதலில் மூட வேண்டுமே! அந்த வேலை குருதி அணுக்களுடையது. முத்தைவிட எனக்கு வியப்பூட்டுபவை இவைதாம்.

சிப்பிக்கு நம்மைப்போல் ஆன்டிபாடி கிடையாது. நிறமற்ற குருதியில் மிதக்கும் அணுக்களே பெரும்பாலும் அதன் காவல். ஓடுகளை இழுத்து மூடும் தசையில் ஊசி செருகி ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். உருண்டையாக வந்த அணுக்கள் சில நிமிடங்களில் தகட்டைப் பற்றி, தட்டையாகி, மெல்லிய இழைகளை நாலாபுறமும் நீட்டும். சிலவற்றின் உள்ளே குருணை நிறைந்திருக்கும். கிருமியை விழுங்குவதில் முந்துபவை அவை. குழாயில் விட்டாலோ ஒன்றையொன்று பற்றிக் கட்டியாகிவிடும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் மருந்தை முன்பே கலந்திருந்தால் கட்டி சேராது.

பற்றும் கை, அணுவின் சவ்வை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதம். கால்சியம், மெக்னீசியம் இல்லாமல் அது பிடிக்காது. வெளிமுனை எதையாவது பற்றியதும் உள்முனை செய்தி அனுப்புகிறது. கைனேஸ் நொதிகள் அடுத்தடுத்த புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றி அதைக் கடத்துகின்றன. அணுவின் உள்சட்டமான ஆக்டின் இழைகள் கலைந்து புதிதாகக் கோத்துக்கொள்ள, அணு உருமாறுகிறது. செய்தி உள்ளிருந்தும் வரலாம். அப்போது பிடி இறுகும்.

இத்தகைய அணுக்கள் சிப்பிக்கு மட்டும் உரியவை அல்ல. 1882-இல் விலங்கியலாளர் மெச்னிகாஃப் இத்தாலியின் மெஸ்ஸினாவில் நட்சத்திர மீனின் இளம்புழுவில் முள்ளைக் குத்தினார். அணுக்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டன. 1908-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கடலைவிட்டு எவ்வளவோ தொலைவில், ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மழை விட்டதும் ஊரும் நத்தைகளும் சிப்பியைப்போல் மெல்லுடலிகளே. அவற்றின் குருதியிலும் இத்தகைய அணுக்கள் உண்டு.

காட்மியம், செம்பு போன்ற உலோகங்கள் நீரில் மிகுந்தால் இந்த அணுக்களின் ஒட்டும் திறனும் விழுங்கும் திறனும் பாதிக்கப்படுகின்றன. துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ள தூத்துக்குடிக் கரையில் சிப்பி வளர்க்க நினைப்பவர்கள் நீரின் உப்பையும் வெப்பத்தையும் அளந்தால் மட்டும் போதாது. சிப்பியின் ஒரு துளிக் குருதியையும் அவ்வப்போது தகட்டில் விட்டுப் பார்க்க வேண்டும்.