சம்பளம் ஒன்று, மானியத்தில் எழுதும் தொகை வேறு: அமெரிக்க ஆராய்ச்சி நிதியின் உச்சவரம்பு விதி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் ஏராளம். அங்குள்ள ஆய்வகத்தோடு கைகோத்துத் திட்டம் எழுதும் நம்மூர்ப் பேராசிரியர்களும் உண்டு. இவர்கள் பட்ஜெட் போட உட்காரும்போது பெரும்பாலும் தடுமாறும் இடம் சம்பள வரிதான். "உச்சவரம்புன்னு ஒரு தொகை போட்டிருக்கே, அதைத்தான் எழுதணுமா? என் சம்பளம் அதைவிட அதிகம்னா குறைச்சிடுவாங்களா?" என்று கேட்கிறார்கள். தவறாக எழுதினால், செலவழித்த பணத்தைத் தணிக்கைக்குப் பிறகு திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வரலாம். எனவே இந்த விதியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

விதி எங்கிருந்து வந்தது?

என்.ஐ.எச். என்று அழைக்கப்படும் தேசிய சுகாதார நிறுவனங்கள், அமெரிக்க மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு. அதன் மானியத்திலிருந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க, 1990-ஆம் நிதியாண்டு முதல் நாடாளுமன்றமே வரம்பு விதித்து வருகிறது. ஆண்டுதோறும் நிறைவேறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இது இடம்பெறுகிறது. 2012-ஆம் நிதியாண்டு முதல், அரசின் உயர் பதவிகளுக்கான சம்பள அட்டவணையில் இரண்டாம் நிலைதான் அளவுகோல். நாசாவின் தலைவர் இந்த நிலையில்தான் வருகிறார். ஆக, மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் மானியத்திலிருந்து அவருடைய சம்பள விகிதத்தை மிஞ்சி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதே விதியின் சாரம்.

2024 ஜனவரி 1 முதல் இந்த வரம்பு ஆண்டுக்கு 2,21,900 டாலர். 2025 ஜனவரி 1 முதல் 2,25,700 டாலர். பெரும்பாலும் ஜனவரியில் இந்தத் தொகை மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் குறையுமா?

குறையாது. பல்கலைக்கழகம் உங்களுக்கு எவ்வளவு தருகிறது என்பதில் இந்த விதி தலையிடுவதில்லை. மானியத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. மீதியை நிறுவனம் தன் சொந்தப் பணத்திலிருந்து தர வேண்டும். அந்த மீதியை இன்னொரு மத்திய அரசு மானியத்தில் ஏற்றி விடக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 3,00,000 டாலர். திட்டத்துக்கு 20 சதவீத உழைப்பு தருகிறார், அதாவது 2.4 ஆள்-மாதம்.

- உண்மைச் சம்பளப்படி: 60,000 டாலர்
- 2025 வரம்பின்படி: 2,25,700-இல் 20 சதவீதம், 45,140 டாலர்
- நிறுவனம் தாங்க வேண்டியது: 14,860 டாலர்

மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்ற சலுகைச் செலவுகளும், ஓவர்ஹெட் எனும் மறைமுகச் செலவும் வரம்புக்குள் அடங்காது, அவை தனி. ஆனால் அவற்றை 45,140 டாலர் மீதுதான் கணக்கிட வேண்டும், 60,000 மீது அல்ல.

மூன்று பொதுவான தவறுகள்

முதல் தவறு: "நான் மானியத்திலிருந்து எடுப்பதே 60,000 டாலர்தான், வரம்பு இரண்டு லட்சத்துக்கு மேல். அப்புறம் என்ன?" என்று நினைப்பது. வரம்பு என்பது மொத்தத் தொகைக்கு அல்ல, சம்பள விகிதத்துக்கு. 20 சதவீத உழைப்புக்கு வரம்பிலும் 20 சதவீதம்தான்.

இரண்டாவது தவறு: வரம்பையே சம்பளமாக எழுதுவது. ஒருவரின் சம்பளம் 1,50,000 டாலர் என்றால், 20 சதவீத உழைப்புக்கு 30,000 டாலர்தான் கேட்கலாம். 45,140 கேட்க முடியாது. உச்சவரம்பு ஒரு தடுப்புச் சுவர். அது யாருக்கும் உரிமைத் தொகை அல்ல. திட்டத்தில் பங்கேற்கும் நம்மூர் நிறுவனங்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். வரம்பு அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் நம் சம்பள அளவில் அதைத் தொடும் வாய்ப்பே குறைவு. எனவே ரூபாயில் உள்ள உண்மையான சம்பளத்தை டாலராக மாற்றி எழுதுவதே முறை.

மூன்றாவது தவறுதான் நன்கு படித்தவர்களையும் ஏமாற்றும். அமெரிக்காவில் பல பேராசிரியர்களுக்கு 9 மாத நியமனம். ஒருவருக்கு 9 மாதத்துக்கு 1,80,000 டாலர் என்று வையுங்கள். பார்த்தால் வரம்புக்குக் கீழே இருப்பதுபோல் தெரியும். ஆனால் மாதத்துக்கு 20,000 டாலர் ஆகிறது. வரம்பை 12-ஆல் வகுத்தால் மாதத்துக்குச் சுமார் 18,808 டாலர். ஆக இவர் வரம்பைத் தாண்டியவர். கோடை விடுமுறையில் 2 மாதம் திட்டத்தில் வேலை செய்தால் 40,000 டாலர் கேட்க முடியாது, சுமார் 37,617 டாலர்தான். பகுதிநேர நியமனத்துக்கும் இதே வழிதான்: முழுநேரமாக மாற்றிக் கணக்கிட்டுவிட்டு ஒப்பிட வேண்டும்.

நடுவில் வரம்பு உயர்ந்தால்?

2024 ஜூலையில் தொடங்கி 2025 ஜூனில் முடியும் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு மாத வேலைக்குப் பழைய வரம்பு, அடுத்த ஆறு மாத வேலைக்குப் புதிய வரம்பு. 20 சதவீத உழைப்பு என்றால் 22,190-உம் 22,570-உம் சேர்த்து 44,760 டாலர். ஆனால் வரம்பு உயர்ந்தது என்பதற்காக மானியத் தொகை உயராது. கையில் இருக்கும் பணத்துக்குள் மாற்றி அமைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு

ஆய்வு மாணவருக்கு வரம்பு வேறு. உதவித்தொகை, கல்விக் கட்டணம், சலுகைகள் எல்லாம் சேர்த்து, முதலாண்டு முனைவர் பட்ட மேலாய்வாளருக்கு நிர்ணயித்த தொகைக்குள்தான் மானியத்திலிருந்து தர முடியும். 2024-ஆம் நிதியாண்டில் அது 61,008 டாலர். கட்டணமும் இதற்குள் அடங்குவதால், முழுத் தொகையும் கையில் வரும் என்று எண்ணிக் குடும்பச் செலவுக்குத் திட்டமிட வேண்டாம். சேர்க்கைக் கடிதத்தில் உதவித்தொகை என்று தனியாக எழுதியிருக்கும் தொகையையே நம்புங்கள்.

எல்லா மானியத்துக்கும் இதே விதியா?

இல்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப். இப்படி டாலர் வரம்பு வைப்பதில்லை. முதன்மை ஆய்வாளர்களுக்கு, அதன் எல்லா மானியங்களும் சேர்த்து ஆண்டுக்குப் பொதுவாக 2 மாதச் சம்பளத்துக்கு மேல் தருவதில்லை. அங்கே எண்ணப்படுவது மாதங்கள். என்.ஐ.எச். மானியத்திலேயே, வெளி ஆலோசகருக்குத் தரும் கட்டணத்துக்கு இந்தச் சம்பள வரம்பு கிடையாது. ஆனால் கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும்.

பட்ஜெட்டை அனுப்பும் முன்

1. எந்த அமைப்பின் மானியம் என்று பாருங்கள்.
2. நியமனம் 9 மாதமா, 12 மாதமா, பகுதிநேரமா என்று உறுதி செய்யுங்கள்.
3. சம்பளத்தை 12 மாத, முழுநேர விகிதத்துக்கு மாற்றுங்கள்.
4. வரம்போடு ஒப்பிட்டு, எது குறைவோ அதை உழைப்பின் சதவீதத்தால் பெருக்குங்கள்.
5. மீதித் தொகையை எந்தக் கணக்கிலிருந்து தருவது என்று நிறுவனத்தின் மானிய அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவதைத்தான் பலரும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். மானியம் கிடைத்த பிறகு அந்த 14,860 டாலரைத் தேடி அலைவதைவிட, விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கடிதம் வாங்கி வைப்பது எளிது.