பிரதர்மார் கட்டிய பள்ளி யாருடையது?

பினாங்கு, ஜோர்ஜ்டவுன் பர்குவார் சாலையில் இருக்கும் செயிண்ட் சேவியர் ஆண்கள் பள்ளியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம்மவர்களிடையே இரண்டு கருத்துகள் வரும். "அது வேதக்காரர்கள் பள்ளி, நம் பையனுக்கு ஒத்துவராது" என்பார் ஒருவர். "அது தனியார் பள்ளி, கட்டுப்படியாகாது" என்பார் இன்னொருவர். இரண்டும் சரியல்ல.

லசால் சபையைச் சேர்ந்த பிரதர்மார் 1852-ஆம் ஆண்டு பினாங்கிற்கு வந்து இப்பள்ளியை நடத்தத் தொடங்கினர். பிரதர் என்றால் பாதிரியார் என்று பலர் நினைத்துக் கொள்கிறார்கள். இவர்கள் பூசை வைப்பவர்கள் அல்லர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதையே துறவு வாழ்க்கையாக ஏற்றவர்கள். பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக 1680-இல் தொடங்கிய சபை இது. பள்ளியின் பெயருக்குரிய பிரான்சிஸ் சேவியரோ நமக்கு அந்நியர் அல்லர். மலாக்காவிற்கு வருமுன் தூத்துக்குடிக் கடற்கரையில் பரதவ மக்களிடையே பணியாற்றியவர். செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடமாக ஓதியவர்.

நிலமும் கட்டடமும் மிஷனுக்குச் சொந்தம். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் பாடத்திட்டத்தை வகுப்பதும் அரசாங்கம். இதைத்தான் அரசாங்க உதவி பெறும் பள்ளி என்கிறோம். பையன் எழுதப்போவது மற்ற இடைநிலைப்பள்ளி மாணவர்கள் எழுதும் அதே எஸ்.பி.எம். தேர்வைத்தான். முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. படிப்பவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். வழக்கறிஞர் கர்ப்பால் சிங் இங்குதான் படித்தார். அதனால் அவர் சீக்கியரல்லாதவர் ஆகிவிடவில்லை.

ஆனால் பிரதர்மார் தலைமையாசிரியர்களாக இருந்த காலம் போய்விட்டது. அவர்களைப் பயிற்றுவித்த புலாவ் தீக்குஸ் பயிற்சி இல்லத்தைப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். அந்த வளாகத்தில் 2013-இல் கர்னி பாராகன் பேரங்காடி திறக்கப்பட்டது. பழைய கட்டடத்தை நல்லவேளையாக இடிக்கவில்லை, உணவகங்களாக்கி இருக்கிறார்கள். சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது என்ன இடம் என்று தெரியுமோ!

பிரதர்மார் இல்லாத இடத்தில் தலைமையாசிரியரை நியமிப்பது கல்வியமைச்சு. அதில் தங்கள் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது மிஷன் பள்ளிகளின் நெடுநாள் கோரிக்கை. மிஷனின் கையில் மிஞ்சியிருக்கும் பெரிய பிடி நிலம்தான். அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அருகிலேயே இருந்த லைட் ஸ்திரீட் கான்வென்டும் 1852-இல் பிறந்ததுதான். 2018 முதல் புதிய மாணவிகளைச் சேர்க்கப் போவதில்லை என்று 2017-இல் அறிவித்து, அரசாங்க உதவிப் பள்ளி என்ற நிலையிலிருந்து அது விலகிக் கொண்டது. கட்டணமில்லாமல் படிக்க வந்த பெண் பிள்ளைகளுக்கு ஒரு கதவு அடைபட்டது.

பையன்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர்களுக்குப் பள்ளி என்பது காலைச் சபைகூடல், நெகாராகூ, அதன் பின் பள்ளிப் பாடல். வெள்ளைச் சட்டை, பச்சைக் கால்சட்டை. முடி சற்று வளர்ந்தால் கட்டொழுங்கு ஆசிரியரின் பார்வை. மாலையில் சாரணர் பயிற்சி, திடலில் இல்லங்களுக்கிடையே போட்டி. ஆண்கள் பள்ளியில் ஒரு வசதி: நாடகத்திலிருந்து நூல்நிலையப் பொறுப்பு வரை எல்லா வேலையும் பையன்களே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாக வேண்டும். ஆறாம் படிவத்தில்தான் பெண்கள் வருவார்கள். அப்போது முடியை யாரும் சொல்லாமலே சீவிக்கொண்டு வருவதும் உண்டு.

நம் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு வரும் பையனுக்கு இங்கு தமிழ் தானாக வந்துவிடாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்புக்கு வழி பிறக்கும். 14 பேர் கேட்டு, ஒருவர் 'பிறகு பார்ப்போம்' என்று இருந்துவிட்டால் அந்த 14 பேரின் கோரிக்கையும் வலுவிழக்கும். ஆகவே முதலாம் படிவப் பதிவு நாளன்று புத்தகக் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கும்போதே, தமிழ் வகுப்புக்கு எத்தனை பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.