விரிப்பின் மறுபக்கம்

முஸ்லிம் வீட்டில் விரிப்பு என்பது வெறும் அலங்காரப் பொருளன்று. ஐவேளைத் தொழுகைக்கு முஸல்லா வேண்டும். சஹன் வைத்துச் சாப்பிடப் பாய் வேண்டும். குழந்தை தவழ்வதும் விரிப்பில்தான். மையித் வீட்டில் கூடுவோர் அமர்ந்து ஓதுவதும் விரிப்பில்தான். இப்படிப் பிறப்பு முதல் ஜனாஸா வரை நம்மோடு கூடவரும் ஒரு பொருளை நாம் எப்படிப் பார்த்து வாங்குகிறோம்?

பெரும்பாலும் நிறத்தைப் பார்க்கிறோம், பூ வேலையைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம், கடைக்காரரின் வார்த்தையை நம்புகிறோம். ஆனால் ஒரு விரிப்பு எத்தனை வருடம் உழைக்கும், அதைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா, கேட்கப்படும் விலைக்கு அது தகுமா என்பவையெல்லாம் அதன் முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. அவை அதன் மறுபக்கத்தில், அது செய்யப்பட்ட முறையில் இருக்கின்றன. இதைப் பற்றி நம் சகோதரிகள் கொஞ்சம் அறிந்துகொள்வது பணத்துக்கும் நல்லது, வணக்கத்துக்கும் நல்லது.

பின்னுவதும் நெய்வதும்

விரிப்புகளில் எளிமையானது பாய். நமது கிழக்கு மாகாணத்துப் பெண்கள் பன் புல்லைக் காயவைத்துச் சாயமிட்டுப் பின்னும் பன்பாய்க்குத் தறி தேவையில்லை. தரையில் அமர்ந்து இரு கைகளாலும் ஓலையைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பின்னுகிறார்கள். இது பின்னல்.

நெசவு வேறு. அதில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்கள் பாவு; அவற்றுக்குக் குறுக்கே மேலும் கீழுமாக ஓடுவது ஊடு. பவானி ஜமுக்காளம் இந்த வகை. தமிழ்நாட்டில் ஈரோட்டுக்கு அருகிலுள்ள பவானியில் தடித்த நூலால் நெய்யப்படும் அதற்கு மேல்மயிர் கிடையாது. துருக்கி, ஈரான் நாடுகளின் ‘கிலிம்’ விரிப்பும் இப்படித்தான். இவற்றைத் தட்டலாம், துவைக்கலாம், மடிக்கலாம். உள்ளே ஒளிந்திருக்க எதுவுமில்லை.

கண்டிப் பகுதியில் வாழும் நமக்கு இதற்கான சிறந்த உதாரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. குண்டசாலைப் பக்கத்துத் தும்பறைப் பள்ளத்தாக்கில் ‘ஹண’ என்ற செடியின் இலையை மரக் கருவியால் சுரண்டி, சதையை நீக்கி, நாரெடுத்து, சாயமிட்டு, தறியில் நெய்கிறார்கள் சில பரம்பரைக் குடும்பத்தவர்கள். சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள் என்று மரபுவழி வந்த சாயங்கள் அவர்களுடையவை. கண்டி மன்னர் காலத்திலிருந்து வரும் இந்தத் தும்பறைப் பாய்க் கலையை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகக் கண்டிக்குப் போய்வரும் நம்மில் எத்தனை பேர் இதை ஒருமுறையேனும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையோ நமக்கு இன்னும் நெருங்கிய ஊர். அங்கே தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்திப் பாவில் நெய்யும் கலையைக் காத்து வந்திருப்பவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பத்தவர்கள். அவர்களில் பெண்களின் பங்கு பெரிது. அங்கே நெய்யப்படும் ‘பட்டுப்பாய்’ பட்டுத் துணியைப் போல் மடியக்கூடியது. அதில் பட்டு நூல் இல்லை. கோரையை அவ்வளவு மெல்லியதாகக் கீறும் விரல்களின் பொறுமைதான் பட்டாக மாறுகிறது.

முடிச்சுக் கம்பளம்

கம்பளங்களில் உயர்ந்தது முடிச்சுக் கம்பளம். தறியில் பாவை இழுத்துக் கட்டிய பின், நெய்பவர் ஒரு சிறு கம்பளி நூலை எடுத்து அடுத்தடுத்த இரண்டு பாவு நூல்களில் சுற்றி முடிச்சிட்டு மிச்சத்தை அறுத்துவிடுவார். இப்படி ஒரு வரிசை முடிந்ததும் ஊடு நூலைச் செலுத்திக் கனத்த சீப்பால் அடித்து இறுக்குவார். பிறகு அடுத்த வரிசை. நூல் இரு பாவையும் முழுமையாகச் சுற்றினால் அது துருக்கி முடிச்சு. ஒன்றை முழுமையாகவும் மற்றதைப் பாதியாகவும் சுற்றினால் பாரசீக முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகள் சேர்ந்துதான் பூவும் கொடியும் மிஹ்ராபின் வளைவும் உருவாகின்றன.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மூன்றடி அகலமும் ஐந்தடி நீளமும் கொண்ட விரிப்பு 15 சதுர அடி. அதாவது 2160 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்ற நடுத்தர நெசவிலேயே 2,16,000 முடிச்சுகள் வேண்டும். தேர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 8000 முடிச்சுப் போட்டாலும் முழுதாக 27 நாட்கள் செல்லும். கம்பளி நூற்பதும், சாயமிடுவதும், கடைசியில் கழுவிக் கத்தரிப்பதும் இதில் சேரவில்லை.

இந்தக் கலை மிகப் பழையது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பனியில் உறைந்த புதைகுழி ஒன்றிலிருந்து 1949இல் எடுக்கப்பட்ட பஸிரிக் கம்பளம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையது. அதுவும் முடிச்சு முறையில் செய்யப்பட்டதே. ஹிஜ்ரி 946இல் (கி.பி. 1539 - 40) ஈரானில் முடிக்கப்பட்ட அர்தபீல் கம்பளம் இன்று லண்டனில் விக்டோரியா - அல்பர்ட் நூதனசாலையில் இருக்கிறது. பத்து மீற்றருக்கும் அதிக நீளமான அதில் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் முடிச்சுகள் உள்ளன. பாவில் முடிச்சாக இறுகிய நூல் தானாகக் கழன்று வராது. ஆகவேதான் நல்ல முடிச்சுக் கம்பளம் தலைமுறை தாண்டியும் உழைக்கிறது.

பசையில் நிற்கும் கம்பளம்

பார்வைக்கு முடிச்சுக் கம்பளம் போலவே இருக்கும் இன்னொரு வகை உண்டு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திச் செலுத்துவார்கள். இதில் முடிச்சே இல்லை. நூல் உதிராமலிருக்கப் பின்புறத்தில் றப்பர்ப் பசையைப் பூசி, அந்தப் பசையை மறைக்க இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். மாதக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்துவிடுகிறது.

இது பாவிக்கத் தகாத பொருள் என்று சொல்லவில்லை. குறைந்த விலையில் அழகான விரிப்பு வேண்டுமென்றால் இதை வாங்கலாம். ஆனால் இதன் உயிர் பசையில் இருக்கிறது. பழைய றப்பர் வளையம் சில வருடங்களில் காய்ந்து வெடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கம்பளத்தின் பசையும் அப்படியே. காலப்போக்கில் அது பொடியாகித் தரையில் கொட்டும், வாடை வீசும், மேல்நூல் கழன்று வரும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இதையும் ‘கையால் செய்தது’ என்று சொல்லி விற்கிறார்கள். கருவியைக் கையில் பிடித்துத்தானே செய்தார்கள்! ஆனால் கையால் செய்தது என்பதும் கையால் முடிச்சிட்டது என்பதும் ஒன்றல்ல. முன்னதை வாங்கிவிட்டுப் பின்னதன் விலையைக் கொடுப்பவர் நஷ்டமடைகிறார்.

இயந்திரக் கம்பளம்

நமது வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் இன்று அதிகமாகக் காண்பது இயந்திரத் தறியில் நெய்தவையே. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வருவோர் கொண்டுவரும் விரிப்புகளிலும் இவை ஏராளம். இந்தத் தொழிலில் துருக்கியின் காஸியான்தெப் நகரம் பெயர் பெற்றது. இவற்றின் மேல்நூல் பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழை. பின்புறத்தில் பலவேளை சணல் நூல் ஓடும்.

செயற்கை இழை நீரை உறிஞ்சாது, கறை எளிதில் பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் அது சூட்டுக்கு உருகும். சாம்பிராணிச் சட்டியிலிருந்து ஒரு தணல் விழுந்தால் அந்த இடம் உருகி ஓட்டையாகிவிடும். கம்பளியோ கருகும், எளிதில் சுவாலை விட்டு எரியாது. ‘பட்டு’ என்று சொல்லி விற்கப்படும் பளபளப்பான சில விரிப்புகள் விஸ்கோஸ் என்ற செயற்கைப் பட்டால் ஆனவை. நனைந்தால் இந்த இழை வலுவிழக்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே அதன் அழகு கெட்டுவிடும்.

ஈரமும் சுத்தமும்

இந்த வேறுபாடுகள் நமக்கு ஏன் முக்கியம்? முதலாவது, நமது காலநிலை. தெல்தோட்டை போன்ற மலைநாட்டு ஊர்களில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து துணி காய்வதற்கே நாட்கணக்கில் எடுக்கும் காலங்கள் உண்டு. சீமெந்துத் தரையில் நிரந்தரமாகக் கிடக்கும் விரிப்பின் அடியில் ஈரம் தங்கும். சணல் பின்புறம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பசைக் கம்பளத்தில் இரு துணிகளுக்கும் நடுவே இறங்கிய நீர் வெளியேற வழியின்றி நாறும். நெய்த விரிப்பிலும் முடிச்சுக் கம்பளத்திலும் நீர் ஊடுருவி மறுபக்கம் வெளியேறிவிடும்.

இரண்டாவது, தஹாரத். குழந்தைகள் உள்ள வீட்டில் விரிப்பில் சிறுநீர் படாமலிருக்காது. ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயது நிறையாத, பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில், அதன் ஈரத்தையும் வாடையையும் போக்கிவிட்டு, இடம் முழுவதும் நனையும்படி நீர் தெளித்தால் போதும். பெண் குழந்தையினதும் வளர்ந்த பிள்ளைகளினதும் என்றால் நஜீஸை நீக்கி அதன்மீது நீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். வாசனைத் திரவியம் தெளிப்பதோ நுரை போட்டுத் துடைப்பதோ வாடையை மறைக்கலாம், அது கழுவியதாகாது.

ஆகவே சிறுநீர் பட்டவுடன் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு அந்த இடத்தில் சுத்தமான நீரை ஊற்றி, வேறு துணியால் ஒற்றி, காற்றில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். முழு விரிப்பையும் நனைக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றவே முடியாத விரிப்பை, குழந்தை தவழும் அறையிலோ தொழும் இடத்திலோ விரிப்பது நமக்கு நாமே கஷ்டத்தைத் தேடிக்கொள்வதாகும்.

தொழுகைக்கு ஆடம்பரமான விரிப்பு நிபந்தனையுமல்ல. நபி (ஸல்) அவர்கள் ஈச்சையோலையால் பின்னிய சிறு பாயில் தொழுதுள்ளார்கள். அனஸ் (ரழி) அவர்களின் வீட்டில், நெடுங்காலப் பாவனையால் கறுத்துப்போன பாயில் நீர் தெளித்து விரிக்கப்பட, அதில் தொழுகை நடத்தியதாகப் புகாரியில் வருகிறது. வேலைப்பாடுள்ள ஓர் ஆடை தொழுகையில் கவனத்தைத் திருப்பியதால் அதைத் திருப்பி அனுப்பிய செய்தியும் நாம் அறிந்ததே. முஸல்லாவைத் தெரிவு செய்யும்போது இவற்றை நினைவில் கொள்வது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் விரிப்பைப் புரட்டிப் பாருங்கள். பூ வேலை பின்புறத்திலும் அதே தெளிவோடு, சிறுசிறு முடிச்சுகளாகத் தெரிந்தால் அது முடிச்சுக் கம்பளம். பின்புறம் முழுவதையும் ஒரு துணி மூடியிருந்தால் பசை முறை என்று சந்தேகிக்கலாம். கோடுகள் அளவெடுத்தாற்போல் ஒரே சீராக ஓடி, சணல் தெரிந்தால் இயந்திர நெசவு.

அடுத்து, ஓரத்துக் குஞ்சத்தைப் பாருங்கள். முடிச்சுக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் நுனியே, உடலிலிருந்து வெளிவருவது. தனியாகத் தைத்திருந்தால் அது அலங்காரத்துக்கு ஒட்டவைத்தது. பிறகு மேல்மயிரை விரலால் விலக்கி அடிவரை பாருங்கள்: முடிச்சா, வெறும் நூலா என்பது தெரியும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் கவனியுங்கள். கடைசியாக, “இதைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா?” என்று கடைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

அந்த விரல்கள்

முடிச்சுக் கம்பளத்தைப் புகழ்ந்துவிட்டு அதைப் போட்ட விரல்களை மறந்துவிடக் கூடாது. இந்தியாவின் பதோஹி - மிர்ஸாப்பூர் வட்டாரத்திலும், பாகிஸ்தானிலும், நேபாளத்திலும் இந்தத் தொழிலில் நெடுங்காலமாகச் சிறுவர்கள் உழைக்க வைக்கப்பட்டார்கள். பாகிஸ்தானில் சிறு வயதிலேயே கடனுக்காகக் கம்பளத் தறியில் கட்டுண்டு, பின் விடுபட்டு, தன் போன்ற பிள்ளைகளுக்காகக் குரல் கொடுத்த இக்பால் மஸீஹ் என்ற சிறுவன் 1995 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டான். சிறுவர் உழைப்பின்றிச் செய்த கம்பளங்களுக்கு அடையாளமிடும் ‘ரக்மார்க்’ முயற்சி 1994இல் தொடங்கியது. இன்று அது ‘குட்வீவ்’ என்ற பெயரில் இயங்குகிறது. விலை மதிப்புள்ள கம்பளம் வாங்குவோர் அந்த அடையாளத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், அதை மேலே, மக்கள் பார்க்கும்படி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவராக ஏற்க மறுத்ததும் நாம் ஓதிக்கொடுக்கும் பாடம். விரிப்பு வியாபாரத்தில் அந்த ஈரம் பின்புறத் துணிக்கு அடியில் இருக்கிறது. பசை என்றால் பசை என்றும், செயற்கை இழை என்றால் செயற்கை இழை என்றும் சொல்லி விற்பதில்தான் பரக்கத் உண்டு.

வாங்கும் தாய்மாருக்கோ, வசதிக்கேற்ற பன்பாயும் போதும், நல்ல முடிச்சுக் கம்பளமும் ஹலாலே. எதை வாங்கினாலும், வாங்குவது இன்னது என்று அறிந்து வாங்குங்கள். கழுவக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். நெய்தவரின் கூலி அவரைச் சேரும் இடத்தில் வாங்குங்கள். வெயில் வரும் நாளில் வீட்டு விரிப்புகளை எடுத்து, மறுபக்கத்தையும் காயவிடுங்கள்.