கண்ணேறு காக்கும் காகித முகம்

பெங்களூருவில் கட்டி முடியாத வீட்டுச் சாரங்களிலே, உருண்டை விழியும் முறுக்கு மீசையும் கோரைப் பல்லுமாய் ஒரு முகம் தொங்கக் காண்கிறோம். கன்னடத்தார் அதனைத் 'திருஷ்டி கொம்பே' என்பர். நம் ஊர்த் திருஷ்டி பொம்மையே அது. காண்போர் பார்வை முதலில் அம்முகத்தில் விழட்டும், வீட்டின்மேல் விழவேண்டாம் என்பது கருத்து. வயலில் பறவைகளுக்காக நிற்கும் வெருளி, மனையில் மனிதர் கண்ணுக்காக நிற்கிறது.

சிலர் சாம்பற்பூசணியில் முகம் எழுதிக் கட்டுவர். அதுவோ நாளடைவில் அழுகும். ஆயுத பூசையன்று வீதியில் உடைத்த பூசணித் துண்டுகளில் இருசக்கர வண்டியோடு வழுக்கி விழுந்தோரையும் இந்நகரம் அறியும். நம் கண்ணேறு கழியப் பிறர் கால் ஒடிவது என்ன காவல்?

அச்சமூட்டும் முகத்தைக் காவல் வைப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கன்று. அயர்லாந்து மக்கள் அக்டோபர் 31ஆம் நாளிரவில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, பேய்முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றினர். 1845இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தால் அவர்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே எளிதிற் கிடைத்தது மஞ்சட்பூசணி, குடையவும் இலகு. கிழங்கு போய்ப் பூசணி வந்தது. சென்ற ஊர்க் காயைக் கொண்டு சொந்த ஊர் வழக்கத்தைக் காப்பது, பிற மாநிலத்தில் வாழும் நமக்குத் தெரியாததா? இன்று பெங்களூரு அடுக்குமாடிகளில் நம் குழந்தைகள் ஆடும் 'ஹாலோவீன்' அவ்விழாவே.

அதற்கென்று பிளாஸ்டிக் முகமூடி கேட்கும் குழந்தையை அருகிருத்திக் காகிதக் கூழில் ஒரு முகம் செய்து பார்க்கலாம். பழைய செய்தித்தாளைக் கத்தரியால் வெட்டாது கையாற் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரத்து நாரே பின்னிப் பிடிக்கும். ஓரிரவு ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, மைதாப் பசையோடு பிசைய வேண்டும். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பது பழைய முறை. அது நஞ்சாதலால் சிறுவர் கைபடும் வேலையில் வேண்டவே வேண்டாம்.

கவிழ்த்த சட்டியில் எண்ணெய் தடவிக் கூழை மெல்லியதாக அப்புக. இந்நகரின் அக்டோபர் ஈரத்தில், கனத்த கூழ் உள்ளே உலராமல் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு படலம் காய்ந்த பின்னரே அடுத்தது. மூக்கும் மீசையும் கடைசியில். அவசரக்காரருக்கு இவ்வேலை ஒத்துவராது. நன்கு உலர்ந்ததும் கழற்றி, சுண்ணக்கட்டித் தூளைப் பசையில் குழைத்துப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, முகத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டுக.

உயிர் இருப்பது கண்ணில். கருவிழி மேலிமையையும் தொடலாகாது, கீழிமையையும் தொடலாகாது. சுற்றிலும் வெண்மை தெரிந்தால்தான் முகம் முறைக்கும்; இல்லையேல் எத்துணைப் பெரிய கோரைப்பல் வைத்தாலும் தூங்கிவழியும். அந்தக் கருவிழியைக் குழந்தையே தீட்டட்டும். தான் விழி திறந்த பூதத்தைக் கண்டு அது இரவில் அலறாது. அடுத்த வீட்டாரை அழைத்துவந்து காட்டும்.

பொம்மையை மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில் மாட்டுவது நன்று. வெளியே தொங்க வேண்டுமாயின் வார்னிஷ் இருமுறை பூசுக, பின்புறத்தையும் விட்டுவிடலாகாது.