பழப் புதர்களின் பகைவர்கள்

'கரன்ட்' என்றதும் உங்களுக்கு மின்சாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தில் தோட்டம் வைத்திருப்பவரிடம் இச்சொல்லைச் சொன்னால், கொத்துக் கொத்தாகப் பழங்கள் தொங்கும் ஒரு புதரை அவர் காட்டக்கூடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு, ஒலி ஒன்று. கறுப்பு கரன்ட், சிவப்பு கரன்ட் என்று அதில் வகைகள் உண்டு. அதன் நெருங்கிய உறவு, முட்கள் நிறைந்த கூஸ்பெரி. அகராதி இதற்கு 'நெல்லி' என்று பொருள் கூறினாலும், நம் நெல்லி மரத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. கரன்ட், கூஸ்பெரி இரண்டும் 'ரைபீஸ்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த, குளிர்நாட்டுப் புதர்கள்.

இவற்றைத் தாக்கும் பகைவர்கள் பலர். அவர்களுள் நால்வரை மட்டும் இங்கே காண்போம். படிக்கும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பகைவன் தன் வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் நம் கைக்கு அகப்படுவான்?

இலை தின்னும் போலிப் புழு

நேற்றுவரை பசுமையாக இருந்த கூஸ்பெரிப் புதர், சில நாள்களில் வெறும் நரம்புகளோடு நிற்கும். இது ரம்ப ஈயின் வேலை. பெயரில் ஈ இருந்தாலும் இது எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் வரிசையைச் சேர்ந்த பூச்சி. பெண் பூச்சியின் முட்டையிடும் உறுப்பில் ரம்பம்போன்ற பற்கள் இருப்பதால் இப்பெயர் வந்தது.

இதன் புழு, பட்டுப்பூச்சியின் புழுவைப்போலவே தோன்றும். வேறுபாட்டை எப்படி அறிவது? கால்களை எண்ணுங்கள்! மார்புப் பகுதியில் இரண்டுக்கும் மூன்று இணைக் கால்கள். பின்னால் வயிற்றுப் பகுதியில் உள்ள சதைக்கால்கள், பட்டுப்பூச்சி இனப் புழுக்களுக்கு ஐந்து இணைகளுக்கு மேல் இருப்பதில்லை. ரம்ப ஈயின் புழுவுக்கு ஆறு இணைகளோ அதற்கு மேலோ இருக்கும்.

இந்த எண்ணிக்கையால் என்ன பயன் என்கிறீர்களா? பட்டுப்பூச்சி இனப் புழுக்களைக் கொல்ல ஒருவகைப் பாக்டீரியாவைத் தெளிப்பது உண்டு. அது ரம்ப ஈயின் புழுவை ஒன்றும் செய்யாது. ஆளை அறியாமல் மருந்து தெளித்தால், மருந்தும் வீண், செடியும் வீண். இப்பூச்சி புதரின் அடிப்பகுதி இலைகளில், கீழ்ப்புற நரம்புகளை ஒட்டி வரிசையாக முட்டையிடுகிறது. வசந்த காலத்தில் அந்த இலைகளைத் திருப்பிப் பார்த்துப் புழுக்களைப் பொறுக்கிவிட்டால் போதும்.

உருண்டை மொட்டின் இரகசியம்

குளிர்காலத்தில் கறுப்பு கரன்ட் புதர் இலை உதிர்த்து நிற்கும். நல்ல மொட்டு ஒடுங்கிக் கூராக இருக்கும். சில மொட்டுகள் மட்டும் பட்டாணிபோல் உருண்டு பருத்திருந்தால், உள்ளே ஆயிரக்கணக்கில் சிலந்திப்பேன்கள் குடியிருக்கின்றன என்று பொருள். ஒவ்வொன்றின் நீளமும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். மற்றச் சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால்கள்; இதற்கு நான்கே கால்கள். 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, தமிழகத் தென்னந்தோப்புகளிலும் பரவிய ஈரியோபைட் சிலந்தி இதே குடும்பம்தான்.

மொட்டுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் இதை எட்டாது. வசந்தத்தில் வெளியேறி, காற்றிலும் மழைத்துளியிலும் பூச்சிகளின் உடலிலும் தொற்றிப் புது மொட்டுகளைத் தேடும். அப்போது ஒரு வைரஸையும் கூடவே கொண்டுசெல்லும். அந்த வைரஸ் புகுந்த செடியில் இலையின் வடிவம் மாறும். காய்ப்பு படிப்படியாக நின்றுபோகும். இதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடு அகற்ற வேண்டியதுதான். அதனால்தான் தோட்டக்காரர்கள் குளிர்காலத்திலேயே உருண்டை மொட்டுகளைக் கிள்ளி அழிக்கிறார்கள்.

அயல்நாட்டுச் சாம்பல் நோய்

இலையிலும் இளந்தண்டிலும் காயிலும் மாவு தூவியதுபோல் வெண்படலம் படரும். பின்பு அது பழுப்பாகும். இது ஒரு பூசணம். வட அமெரிக்காவைச் சேர்ந்த இது 1900இல் அயர்லாந்தில் காணப்பட்டது. பின்னர் ஐரோப்பா எங்கும் பரவியது. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஐரோப்பியக் கூஸ்பெரிச் செடிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன.

காற்றோட்டமில்லாத அடர்ந்த புதரும், தழைச்சத்து மிகுந்த மென்மையான துளிரும் இதற்கு விருந்து. எனவே புதரின் நடுப்பகுதி திறந்திருக்குமாறு கவாத்து செய்வார்கள்; நோயுற்ற நுனிகளை வெட்டி எறிவார்கள்; உரத்தை அளவோடு இடுவார்கள்.

இரண்டு வீடு உள்ள துரு

கரன்ட் இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தால் அது துரு நோய். புதருக்கு இதனால் பெருங்கேடு இல்லை. ஆனால் இப்பூசணத்தின் வாழ்க்கையில் பாதி, ஐந்து ஐந்தாக ஊசியிலை விடும் பைன் மரங்களில் கழிகிறது. அங்கே அது பட்டையைப் புண்ணாக்கி மரத்தையே கொல்கிறது. பைனிலிருந்து நேரே இன்னொரு பைனுக்கு அதனால் பரவ முடியாது; பெரும்பாலும் ஒரு ரைபீஸ் புதர் இடையில் வேண்டும்.

ஏறத்தாழ 1900ஆம் ஆண்டில், ஐரோப்பாவிலிருந்து வந்த பைன் நாற்றுகளோடு இந்நோய் வட அமெரிக்காவுக்குள் புகுந்தது. காடுகளைக் காக்க அமெரிக்க அரசு கரன்ட் வளர்ப்புக்குத் தடை விதித்தது. 1930களில் இளைஞர் படைகள் காட்டுப் புதர்களைப் பிடுங்கி எறிந்தன. ஆனால் பைனிலிருந்து வரும் விதைத்தூள் காற்றில் நெடுந்தொலைவு பறக்கும். மண்ணில் எஞ்சிய வேர்த்துண்டு மீண்டும் துளிர்க்கும். அதனால் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. 1966இல் மத்திய அரசின் தடை நீக்கப்பட்டது. 2022இல் வெண்பட்டைப் பைன் என்னும் மரம் அமெரிக்காவில் ஆபத்துக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் அழிவுக்கு முதன்மைக் காரணம் இந்தத் துருவே.

பார்த்தீர்களா? ஒருவனை இலையடியில் பிடிக்க வேண்டும். ஒருவனைக் குளிர்கால மொட்டில். ஒருவனைக் கவாத்துக் கத்தியால். நான்காமவனையோ நாட்டின் எல்லையிலேயே தடுத்திருக்க வேண்டும். நோயைக் காணும்முன் நோயாளியின் பகைவனைப் படிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

செய்து பாருங்கள்: எலுமிச்சை அல்லது கறிவேப்பிலைச் செடியில் உள்ள புழு ஒன்றையும், முள்ளங்கி அல்லது கடுகு இலையைத் தின்னும் கருநிறப் புழு ஒன்றையும் உருப்பெருக்கியால் நோக்குங்கள். சதைக்கால்களை எண்ணி எழுதுங்கள். எது பட்டுப்பூச்சி இனம், எது ரம்ப ஈ என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.